விருந்தாளியாக வந்த முள்! வெட்டுவதற்கு முன்பு வகை பிரிக்க வேண்டும்

ஒரு மரம். அதற்கு ஓர் ஊரில் ராஜ மரியாதை. இன்னோர் ஊரில் அதையே வேரோடு பிடுங்கி எறியும்படி கோர்ட்டு உத்தரவு!

அது என்ன மரம்?

சீமைக் கருவேலம்தான். வேலிக்காத்தான் என்று சொல்கிறோமே, அதே மரம்.

1940-ம் ஆண்டில் ஜோத்பூர் சமஸ்தானம் இந்த மரத்தை "ராஜ மரம்" என்று அறிவித்தது. பாலைவனத்தில் பச்சையாக நிற்கிறது, விறகு தருகிறது, மணலைத் தடுக்கிறது என்று அதற்குப் பெருமை.

2017-ம் ஆண்டில், மதுரை ஐகோர்ட்டுக் கிளை உத்தரவின்படி, தென் ஜில்லாக்களில் அதே மரத்தைப் பிடுங்கும் வேலை நடந்தது. கண்மாயை அடைத்தது, விளைநிலத்தைப் பிடித்தது என்று அதன் மேல் குற்றச்சாட்டு.

மரம் மாறவில்லை. இடம் மாறியது. காலம் மாறியது. அதன் மேல் குத்திய முத்திரையும் மாறியது!

இந்த முத்திரையைக் குத்துவது யார்? எதைப் பார்த்துக் குத்துகிறார்கள்? குத்திய பிறகு என்ன செய்ய வேண்டும்?

"செடியைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டுமா? வெட்டினால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது! வகை தெரியாமல் வெட்டினால் பணம் போகும், உழைப்பு போகும், ஏழையின் அடுப்பும் அணையும். செடி மட்டும் மறுபடி முளைக்கும்.

அந்நியன் எல்லாம் பகைவன் அல்ல

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்த செடி எல்லாம் கெட்ட செடியா?

இல்லவே இல்லை. நம் வீட்டுச் சமையல் அறைக்குள் போய்ப் பாருங்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. தக்காளியும் அங்கிருந்துதான். உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், நிலக்கடலை, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் கடல் தாண்டி வந்தவை. இவை இல்லாமல் நமக்கு ஒரு நாள் சமையல் நடக்குமா?

இவை எல்லாம் நட்டால் வளரும். நடாவிட்டால் வளராது. நாம் போட்ட பாத்திக்குள் அடங்கி இருக்கும். இவை நல்ல விருந்தாளிகள்.

இன்னொரு வகை உண்டு. திண்ணையில் இடம் கேட்டு வரும். பிறகு கூடத்துக்குள் நுழையும். கடைசியில் வீட்டுக்காரனையே வெளியே தள்ளும்! ஆள் நடாமலே தானாகப் பரவும். மற்றச் செடிகளை நெருக்கி அழிக்கும். நீரை, காட்டை, மேய்ச்சல் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். இவற்றைத்தான் "ஆக்கிரமிப்புச் செடிகள்" என்கிறார்கள் நிபுணர்கள்.

ஆகவே "எங்கிருந்து வந்தது?" என்று மட்டும் கேட்டால் பயன் இல்லை. "வந்த இடத்தில் எப்படி நடந்துகொள்கிறது?" என்று கேட்க வேண்டும். வகை பிரிப்பதன் முதல் பாடம் இதுதான்.

அழைத்து வந்தது யார்?

இந்தச் செடிகள் திருட்டுத்தனமாக வந்தவை என்று நினைக்க வேண்டாம். பலவற்றை நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தோம்!

சீமைக் கருவேலம் சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 1876-ம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் வன அதிகாரியான கர்னல் பெடோம் என்ற வெள்ளைக்காரர் இதன் விதை வேண்டும் என்று சர்க்காருக்கு எழுதினார். அடுத்த ஆண்டே விதை வந்தது. வறண்ட பூமியில் விறகுக்கு ஒரு மரம் வேண்டும் என்பதே நோக்கம். நோக்கம் நல்லதுதான்.

பிறகு நடந்தது என்ன? ஆடும் மாடும் அதன் நெற்றை ஆசையோடு தின்றன. உள்ளே இருக்கும் விதை செரிக்கவில்லை. சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியே வந்தது. போன இடமெல்லாம் முளைத்தது. மனிதன் ஓர் இடத்தில் நட்டான். ஆடு ஆயிரம் இடத்தில் நட்டது!

உண்ணிச்செடியின் கதை வேறு. 1800-களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு அழகுக்காக வந்த செடி அது. வண்ண வண்ணமாகப் பூக்கும். இன்று நீலகிரி, சத்தியமங்கலம் காடுகளில் யானையும் மானும் மேயும் புல்லை அது மூடிவிட்டது.

ஆகாயத் தாமரையும் அழகுக்காக வந்ததுதான். தென் அமெரிக்காவின் அமேசான் நதிப் பக்கம் அதன் பிறந்த வீடு. நமது ஏரி, குளம், கால்வாய் எல்லாம் அதற்குப் புகுந்த வீடு!

தக்க வெயிலும் சாக்கடை கலந்த நீரும் கிடைத்தால் இரண்டு வாரத்தில் அது இரட்டிப்பு ஆகும். ஒரு செடி பத்து தடவை இரட்டித்தால் எத்தனை? குழந்தைகளைக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொல்லுங்கள். 1,024! ஒரே செடி ஐந்து மாதத்துக்குள் ஆயிரம் செடியாகிவிடும்.

நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாலியால் வெட்டுவானேன் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்தச் செடிகளுக்கு அது முற்றிலும் பொருந்தும்.

நூறு ஆண்டுக்கு முந்திய சட்டம்

செடியை அடக்கச் சட்டம் போடுவது நமக்குப் புதிதா?

இல்லை. சென்னை மாகாணம் 1919-ம் ஆண்டிலேயே ஒரு சட்டம் செய்தது. விவசாயப் பூச்சிகள், நோய்கள் சட்டம் என்று அதற்குப் பெயர். அந்தச் சட்டத்தில் களைச் செடிக்கும் இடம் உண்டு.

அது எப்படி வேலை செய்யும்?

இன்ன செடி தீங்கானது, இன்ன பகுதியில் அதை ஒழிக்க வேண்டும் என்று சர்க்கார் கெஜட்டில் அறிவிக்கும். நிலத்தை வைத்திருப்பவர் அதைச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அதிகாரி நோட்டீஸ் கொடுப்பார். அப்போதும் செய்யாவிட்டால் அதிகாரியே ஆள் வைத்துச் செய்து, செலவை நிலத்துக்காரரிடம் வசூலிப்பார்.

இந்தச் சட்டப்படிதான் கோயமுத்தூர்ப் பக்கத்தில் கம்போடியா பருத்தி மாரைக் குறித்த தேதிக்குள் பிடுங்கிவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். பழைய மாரில் தங்கும் பூச்சி புதுப் பயிருக்குத் தாவக்கூடாது என்பது காரணம். ஒருவர் மட்டும் பிடுங்கிப் பயன் இல்லை. ஊரே பிடுங்க வேண்டும்.

கர்நாடகத்திலும் இதே போன்ற சட்டம் உண்டு. அது 1968-ம் ஆண்டுச் சட்டம். அதன் கீழ், 1975-ம் ஆண்டில் பார்த்தீனியத்தைத் தீய களை என்று அந்த மாநிலம் அறிவித்தது.

அறிவித்ததும் பார்த்தீனியம் பயந்து ஓடிவிட்டதா? இல்லை! பெங்களூரில் சாலை ஓரத்திலே இன்றும் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கிறது.

ஏன்? எங்கும் பரவி முடிந்த பிறகு, எல்லோரும் எல்லா இடத்திலும் பிடுங்குங்கள் என்று உத்தரவிட்டால் யாரும் பிடுங்க மாட்டார்கள். புறம்போக்கில் நிற்பது யார் பொறுப்பு? ரெயில் பாதை ஓரத்தில் நிற்பது யார் பொறுப்பு? செடிக்குத் துறை தெரியாது. பட்டா தெரியாது. அதிகாரிகளுக்கு மட்டும் தெரிகிறது!

முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு

அமெரிக்காவில் வாஷிங்டன் என்று ஒரு மாநிலம். மேற்குக் கடற்கரையில் இருக்கிறது. அங்கே களைச் செடிகளை வகுப்புப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் பட்டியலைத் திருத்துகிறார்கள்.

முதல் வகுப்பு எது தெரியுமா? எங்கும் பரவிய பெரிய களை அல்ல. இப்போதுதான் எட்டிப் பார்க்கும் சின்னக் களை! அது எங்கே தலை காட்டினாலும் அடியோடு ஒழித்தாக வேண்டும். விலக்கு கிடையாது.

இரண்டாம் வகுப்பு, சில பகுதிகளில் பரவி, வேறு பகுதிகளில் இன்னும் பரவாதது. பரவாத பகுதியில் கட்டாயம் அடக்க வேண்டும். பரவிய பகுதியில் அந்த ஊர்க் களை வாரியம் முடிவு செய்யும்.

மூன்றாம் வகுப்பு, எங்கும் பரவிவிட்டது. அதை அடக்கும்படி கட்டாயப்படுத்தலாமா, வேண்டாமா என்பது அந்தந்த ஜில்லாவின் விருப்பம்.

பார்த்தீர்களா விசித்திரத்தை? நாம் பெரிய திருடனைத்தான் முதலில் பிடிக்க ஓடுவோம். அவர்கள் இப்போதுதான் ஜேப்பில் கை விடும் சிறுவனை முதலில் பிடிக்கிறார்கள். காரணம், அவனைப் பிடிக்க முடியும்! ஒரு கூலியாள் ஒரு நாளில் முடிக்கிற வேலையை விட்டுவிட்டால், பிறகு ஆயிரம் ஆள் வைத்தாலும் முடியாது.

இந்தப் புத்தி அமெரிக்கர்களுக்குப் பட்டுத்தான் வந்தது. குட்சு என்று ஒரு கொடி. ஜப்பானிலிருந்து வந்தது. 1930-களில் மண் அரிப்பைத் தடுக்க அதை நடும்படி அமெரிக்க சர்க்காரே விவசாயிகளுக்குச் சொன்னது. சும்மா சொல்லவில்லை. ஏக்கருக்கு 8 டாலர் வரை பணமும் கொடுத்தது! கொடி வளர்ந்தது. மரத்தை மூடியது. தந்திக் கம்பத்தை மூடியது. வீட்டையே மூடியது. 1970-ம் ஆண்டில் அதே சர்க்கார் அதைக் களை என்று பட்டியலில் சேர்த்தது. தென் மாநிலங்கள் பட்ட பாட்டைப் பார்த்த வாஷிங்டன் மாநிலம், குட்சுவை முதல் வகுப்பில் வைத்தது.

ஒரே மரம், இரண்டு தீர்ப்பு

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது.

அங்கேயும் நம்முடைய சீமைக் கருவேலத்தின் பங்காளி மரங்கள் பரவி இருக்கின்றன. மொத்தமாகப் பிடுங்குங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. மாகாணத்துக்கு மாகாணம் வேறு முத்திரை குத்தினார்கள்!

கிழக்குக் கேப், மேற்குக் கேப், ஃபிரீ ஸ்டேட், வடமேற்கு ஆகிய மாகாணங்களில் அதைக் கட்டாயம் அடக்க வேண்டும். வடக்குக் கேப் மாகாணத்தில் மட்டும் தளர்வு. அது மிகவும் வறண்ட பூமி. மரம் ஏராளமாகப் பரவிவிட்டது. அங்குள்ள குடியானவர்கள் அதன் நெற்றையும் நிழலையும் நம்பி ஆடு வளர்க்கிறார்கள். ஆகவே இருக்கிற மரம் இருக்கலாம். ஆனால் புதிதாக நடக்கூடாது, விற்கக்கூடாது.

கொடைக்கானலிலும் ஊட்டியிலும் நிற்கிறதே, வாட்டில் மரம்? அதற்கு அங்கே இன்னொரு வகை முத்திரை. அதன் பட்டை தோல் பதனிட உதவும். பெரிய தோட்டங்கள் இருக்கின்றன. ஆகவே லைசென்ஸ் வாங்கி வளர்க்கலாம். வேலி தாண்டிப் பரவாமல் பார்த்துக்கொள்வது வளர்ப்பவர் பொறுப்பு.

சப்பாத்திக் கள்ளியில் கூட வித்தியாசம் பார்க்கிறார்கள். முள் உள்ள கள்ளி குற்றவாளி. மாட்டுத் தீவனத்துக்கு வளர்க்கும் முள் இல்லாத ரகம் நிரபராதி!

2014-ம் ஆண்டில் போட்ட விதிகள் இவை. உடனே ஒழிக்க வேண்டியது, திட்டம் போட்டு அடக்க வேண்டியது, லைசென்சோடு வளர்க்கலாம், இருப்பது இருக்கட்டும் ஆனால் புதிது கூடாது என்று நான்கு தட்டு. அதற்கு முன்பே, 1995-ம் ஆண்டில், தண்ணீரைக் குடிக்கும் அந்நிய மரங்களை வெட்டும் வேலையை ஏழைகளுக்குக் கொடுக்கும் திட்டம் ஒன்றையும் தொடங்கினார்கள். ஆற்றுக்கு நீர். ஏழைக்குக் கூலி. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

நம் ஊரில் என்ன நடந்தது?

2017-ம் ஆண்டில் ஐகோர்ட்டு உத்தரவு வந்ததும், தென் ஜில்லாக்களில் பொக்லைன் இயந்திரங்கள் இறங்கின. வேலையை மேற்பார்வை செய்ய வக்கீல்களைக் கமிஷனர்களாகக் கோர்ட்டு நியமித்தது. பள்ளிப் பிள்ளைகள் கூட முள் பிடுங்கப் போனார்கள். ஊரெங்கும் ஒரே உற்சாகம்!

சில மாதங்களில் இன்னொரு வழக்கு. இப்படிக் கண்மூடித்தனமாகப் பிடுங்கலாமா, நிபுணர்களைக் கேட்க வேண்டாமா என்று வாதம். ஐகோர்ட்டு இடைக்காலத் தடை விதித்தது. பிறகு அந்தத் தடை நீங்கியது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்ன? பிடுங்குவது முதலில் வந்தது. வகை பிரிப்பது பின்னால் வந்தது!

அந்தச் சமயத்தில் பரவிய கதைகள் எத்தனை! இந்த மரம் காற்றில் உள்ள ஈரத்தையே உறிஞ்சி மழையை விரட்டுகிறது என்றார்கள். இதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்றார்கள். இவற்றுக்கு ஆராய்ச்சி ஆதாரம் எதையும் யாரும் காட்டவில்லை. அந்த மரம் செய்யும் உண்மையான கெடுதலே போதும். கண்மாய்க்குள் புகுந்து நீர் நிற்கும் இடத்தைக் குறைக்கிறது. வரத்துக் கால்வாயை அடைக்கிறது. ஆழமாக வேர் விடுகிறது. தன் அடியில் மற்றச் செடிகளை வளர விடுவதில்லை. பொய்க் குற்றம் சேர்த்தால் உண்மைக் குற்றமும் அடிபட்டுப் போகும். கோர்ட்டில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

2022-ம் ஆண்டில் தமிழக சர்க்கார் ஒரு நல்ல காரியம் செய்தது. ஆக்கிரமிப்புச் செடிகளை அகற்றுவது பற்றியும், அகற்றிய இடத்தில் இயற்கையை மீட்பது பற்றியும் தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. முதலில் கவனிக்க வேண்டியவை என்று 23 செடி இனங்களைக் குறித்தது. உண்ணிச்செடி, சீமைக் கருவேலம், வாட்டில் எல்லாம் அதில் அடக்கம்.

முதுமலைப் பக்கம் பரவிய சென்னா என்ற மஞ்சள் பூ மரத்தை வெட்டிக் காகிதம் செய்ய, சர்க்காரின் காகித ஆலைக்கு அனுமதி கொடுத்தார்கள். கூடலூர்ப் பகுதிப் பழங்குடி மக்கள் உண்ணிச்செடிக் குச்சியை வளைத்து, நிஜ யானை அளவுக்கு யானை உருவங்கள் செய்தார்கள். அந்த யானைகள் 2021-ம் ஆண்டில் லண்டன் பூங்காக்களில் நின்றன! யானையின் தீனியைக் கெடுத்த செடியே யானையாக மாறியது.

இதெல்லாம் பாராட்ட வேண்டியது. ஆனால் கொள்கை வேறு, சட்டம் வேறு. கொள்கை என்பது சர்க்கார் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. நர்சரிக்காரரையும் நிலத்துக்காரரையும் மற்றத் துறைகளையும் கட்டுப்படுத்தச் சட்டத்தின் பலம் வேண்டும். 23 செடிகள் என்ற பட்டியலும் மாநிலம் முழுவதற்கும் ஒன்றுதான். ராமநாதபுரமும் நீலகிரியும் ஒன்றா? அங்கே ஆகாத செடி வேறு, இங்கே ஆகாத செடி வேறு!

அந்த அடுப்பை யார் பார்ப்பது?

இங்கே நியாயமான கேள்வி ஒன்று உண்டு. ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"ஏன் ஐயா, மழை பொய்த்த வருஷத்தில் எங்களைக் காப்பாற்றியது எது? நெல்லா? மிளகாயா? இந்த முள்தானே! வெட்டினோம், மூட்டம் போட்டோம், கரி விற்றோம், கஞ்சி குடித்தோம். இதைப் பிடுங்கிவிட்டு எங்களுக்கு என்ன தருவீர்கள்?"

இதற்குப் பதில் சொல்லாமல் சட்டம் போடக்கூடாது. வானம் பார்த்த பூமியில் கரிமூட்டம் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. காஸ் சிலிண்டர் வாங்கப் பணம் இல்லாத நாளில், தாய்மார்கள் இந்த விறகைத்தான் தலையில் சுமந்து வருகிறார்கள்.

கண்மாய்க்குள் நிற்கும் முள்ளும், உவர் நிலத்தில் நிற்கும் முள்ளும் ஒன்றல்ல. கண்மாய்க்குள் நிற்பது ஊர்த் தண்ணீரைக் கெடுக்கிறது. அதை முதலில் எடுக்க வேண்டும். வேறு எதுவும் முளைக்காத உவர்த் தரையில் நிற்பதை, வேலி கட்டின மாதிரி எல்லைக்குள் வைத்து, வெட்டிப் பயன்படுத்த அனுமதிக்கலாம். தென்னாப்பிரிக்காவில் மாகாணத்துக்கு மாகாணம் செய்ததை நாம் கண்மாய்க்குக் கண்மாய் செய்ய முடியாதா?

அப்படிச் செய்தால், ஏழையின் அடுப்பும் எரியும். ஊர்க் கண்மாயும் நிறையும்.

கோடாலி முடிக்காததைப் பூச்சி முடித்தது

நம் பாட்டன்மார் காலத்தில் சப்பாத்திக் கள்ளிதான் இன்றைய சீமைக் கருவேலம். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். வெட்டினால் வெட்டிய துண்டெல்லாம் முளைக்கும்!

1926-ம் ஆண்டில் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டு வந்தார்கள். வெள்ளைப் பஞ்சு மாதிரி கள்ளியின் மேல் ஒட்டிச் சாறு உறிஞ்சும் பூச்சி. நசுக்கினால் சிவப்பாகச் சாயம் வரும். அது பரவியதும் கள்ளிக் காடுகள் வாடிச் சாய்ந்தன. சில ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பெரும் பரப்பு மீண்டது.

ஆஸ்திரேலியாவிலும் இதே கதை. அங்கே கள்ளி 6 கோடி ஏக்கரை வளைத்திருந்தது. 1925-ம் ஆண்டில் அர்ஜென்டினாவிலிருந்து ஓர் அந்துப்பூச்சியைக் கொண்டு வந்தார்கள். சில ஆண்டுகளில் அதன் புழுக்கள் கள்ளியைத் தின்று தீர்த்தன. குவீன்ஸ்லாந்தில் அந்தப் பூச்சிக்கு நன்றியாக ஒரு மண்டபமே கட்டினார்கள்!

இதிலும் எச்சரிக்கை வேண்டும். களையை ஒழிக்க வரும் பூச்சி பயிரைத் தின்னத் தொடங்கினால்? ஆகவே வேறு எந்தச் செடியையும் அது தொடாது என்று சோதித்துப் பார்த்த பிறகே வெளியே விட வேண்டும். சீமைக் கருவேலத்துக்கு இந்த வழி சரிப்படுமா? அதை நம்பி வாழ்பவர் இருக்கும்வரை ஆயிரம் முறை யோசிக்க வேண்டும். பூச்சிக்குக் கண்மாய் எது, கரிக்காரர் நிலம் எது என்று தெரியாது!

என்ன செய்ய வேண்டும்?

சர்க்காருக்கு ஐந்து யோசனைகள்.

1. ஒவ்வொரு ஜில்லாவுக்கும் தனிப் பட்டியல் வேண்டும். புதிதாக எட்டிப் பார்ப்பது எது, பாதி பரவியது எது, எங்கும் பரவியது எது, பயன் உள்ளதால் லைசென்சோடு விடலாம் என்பது எது என்று நான்கு வகை. அந்தப் பட்டியலைப் படத்தோடு தமிழில் அச்சடித்து ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீசிலும் மாட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துச் செடியைக் கண்டுகொள்வார்.

2. முதல் வகைக்கு முதல் பணம். புதுச் செடி ஒன்று முளைத்திருக்கிறது என்று யாராவது சொன்னால், உடனே ஆள் வந்து பார்க்க வேண்டும். பைல் நடந்து போவதற்குள் செடி ஓடிப் போய்விடும்!

3. பிடுங்கினால் போதாது. சீமைக் கருவேலத்தை மேலே வெட்டிவிட்டுப் போனால், அடிக்கட்டையிலிருந்து நாலு கிளை கிளம்பும். வேரோடு எடுக்க வேண்டும். மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழைக்கு முளைக்கும். அதையும் எடுக்க வேண்டும். சில ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப் பணம் ஒதுக்காமல் வேலையைத் தொடங்கவே கூடாது.

4. எடுத்த இடத்தில் நம் மரத்தை வைக்க வேண்டும். நாட்டுக் கருவேலம், புங்கன், வேம்பு, பனை என்று மண்ணுக்கு ஏற்றது எது என்று பார்த்து வைக்கலாம். மரத்தை ஏலம் விட்ட பணம் கஜானாவில் தூங்கக்கூடாது. அந்தக் கண்மாய்க்கே திரும்பி வர வேண்டும். பிடுங்கும் வேலையிலும் நடும் வேலையிலும் உள்ளூர் ஏழைகளுக்கே முதல் இடம் கொடுக்க வேண்டும்.

5. சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்து ஏக்கர் குடியானவருக்கு நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரி, சர்க்காரின் சொந்தப் புறம்போக்குக்கும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஏழை நிலத்துக்காரருக்குச் செலவில் உதவி கொடுக்க வேண்டும். தண்டனை கடைசியில்தான்.

இது நம் ஊர்ப் பிரச்னை மட்டும் அல்ல. 2023-ம் ஆண்டில் உலக நிபுணர்கள் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அந்நியச் செடிகளாலும் பிராணிகளாலும் உலகத்துக்கு ஓர் ஆண்டில் 42,300 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று அதில் கணக்குச் சொன்னார்கள். இதற்கென்று தனிச் சட்டமோ விதியோ வைத்திருக்கும் நாடுகள் 100-க்கு 17 தான் என்றும் சொன்னார்கள். 100-க்கு 83 நாடுகள் வாசற்கதவைத் திறந்து போட்டுத் தூங்குகின்றன!

நம் வீட்டு வாசலில்

சர்க்காருக்கு மட்டும் யோசனை சொன்னால் போதுமா? நமக்கும் பங்கு உண்டு.

நர்சரியில் அழகான செடி ஒன்றைப் பார்க்கிறீர்கள். வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். "இது தானாகப் பரவுமா?" உண்ணிச்செடியும் ஆகாயத் தாமரையும் பூவைக் காட்டித்தான் நம் நாட்டுக்குள் நுழைந்தன என்பதை மறக்கக்கூடாது.

மீன் தொட்டியில் வைத்த நீர்ச்செடி பெருகிவிட்டதா? அதைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். வெயிலில் காய வைத்து எருக்குழியில் போடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் விதையும் பதியனும் கொண்டு வந்தால் பெருமைப்படாதீர்கள். விமான நிலையத்தில் செடிகளைச் சோதிக்கும் அதிகாரி வீண் தொந்தரவு செய்கிறார் என்று கோபப்படவும் வேண்டாம். 1877-ல் அப்படி ஓர் அதிகாரி இருந்திருந்தால், ராமநாதபுரத்துக் கண்மாய்களுக்கு இந்தக் கதி வந்திருக்காது!

வீட்டுப் பிள்ளைகளுக்கு ஐந்து செடிகளை அடையாளம் காட்டுங்கள். சீமைக் கருவேலம், உண்ணிச்செடி, பார்த்தீனியம், ஆகாயத் தாமரை, சப்பாத்திக் கள்ளி. எங்கிருந்து வந்தன, என்ன செய்தன என்று கதை சொல்லுங்கள். பெரிய அதிகாரி கண்ணில் படாத புதுச் செடி, ஆடு மேய்க்கும் பையன் கண்ணில் படும். அவனுக்கு அது இன்னது என்று தெரிந்திருந்தால், ஒரு மண்வெட்டியோடு காரியம் முடியும். தெரியாவிட்டால், இருபது ஆண்டு கழித்து அவன் பிள்ளை பொக்லைனுக்கு வாடகை கொடுப்பான்!